களைக்கும் மதிப்பெண்

நடுவர் எந்த நாளில் வருவார் என்று யாருக்கும் தெரியாது. ஜூன், ஜூலையில் ஒரு நாள் வருவார். காரை எங்காவது ஓரங்கட்டிவிட்டு நடப்பார். கடைத்தெரு, பள்ளிக்கூட மதில், கல்லறைத் தோட்டம், ஆற்றங்கரை, ஊருக்குள் நுழையும் சாலை, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்து விட்டுவிட்ட பின்சந்து. மாலை கிடையாது, சால்வை கிடையாது, கூட வருவதற்கு ஆள் கிடையாது. ஊர்க்காரர்கள் முன்கூட்டியே அனுப்பிவைத்த விண்ணப்பமும் வரைபடமும் மட்டும் கையில் இருக்கும். பார்த்துவிட்டுப் போய்விடுவார். சில மாதங்கள் கழித்து, எட்டுத் தலைப்புகளில் மதிப்பெண்ணும் ஒவ்வொன்றின் கீழும் விளக்கமுமாக ஊருக்கு ஓர் அறிக்கை வரும். ஜெயித்த ஊருக்கு மட்டுமல்ல, தோற்ற எண்ணூற்றுச் சொச்சம் ஊர்களுக்கும் வரும்.

அயர்லாந்தில் நடக்கும் இந்தப் போட்டிக்கு ‘டைடி டவுன்ஸ்’ என்று பெயர். சுத்தமான ஊர்கள் என்று தமிழில் சொல்லிவிடலாம். ஆனால் ‘டைடி’ என்பதில் சுத்தத்தைவிடத் திருத்தம் அதிகம். பெருக்கி, தெளித்து, கோலம் போட்டு, செருப்பைக்கூட வரிசையாக விட்டிருக்கும் வாசல் இருக்கிறதே, அதுதான் டைடி. அறுபது வருஷத்தில் இந்த ஒரு சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் என்னை இழுத்தது. களை பிடுங்கிய ஊருக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த போட்டி, இன்று களையை விட்டுவைத்த ஊருக்கும் போடுகிறது. சும்மா ஒரு விதி மாறவில்லை. எது அழகு என்று ஒரு நாட்டின் சிற்றூர்கள் நினைத்துக்கொண்டிருந்தனவோ, அதுவே மெல்ல மாறியிருக்கிறது. மாற்றியது சட்டமல்ல, அந்த அறிக்கை என்றே நினைக்கிறேன்.

1958-ல் போட்டி தொடங்கியபோது கலந்துகொண்டவை 52 ஊர்கள். தொடங்கியது சுற்றுலா வாரியம். சுற்றுச்சூழல் என்ற பேச்சே அப்போது இல்லை. வெளிநாட்டுப் பயணிகளையும், கடல் கடந்துபோன தங்கள் சொந்த ஜனங்களையும் ஊருக்கு வரவழைக்க 1953-ல் ‘அன் டோஸ்டல்’ என்றொரு விழா எடுத்தார்கள். விருந்தாளி வருவதற்குள் வீட்டை ஒதுக்கிவைப்பதுபோல அதை ஒட்டி ஆண்டுதோறும் ஒரு துப்புரவு இயக்கம் நடந்தது. அதுதான் பிறகு போட்டியானது. அந்தப் பத்தாண்டில் சுமார் 4 லட்சம் பேர் பிழைப்பு தேடி நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். 1961 கணக்கெடுப்பில் அயர்லாந்துக் குடியரசின் மொத்த மக்கள்தொகையே 28 லட்சம்தான். தெருவில் பாதி வீடு பூட்டிக்கிடக்கும்போது, மீதியிருப்பவரிடம் போய் ஜன்னல் சட்டத்துக்கு பெயின்ட் அடியுங்கள் என்று சொன்னால் யாருக்கு மனசு வரும்? ஆனாலும் அடித்தார்கள்.

முதல் பரிசு வாங்கியது கிளென்டீஸ். டோனிகால் மாவட்டத்தில் மலைகளுக்கு நடுவே, ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். 1958, 1959, 1960, 1962 என்று நான்கு முறை வென்றது. நாடக ஆசிரியர் பிரையன் ஃப்ரீலுக்கு இது தாய்வழி ஊர். தன் அம்மாவையும் சித்தி, பெரியம்மாக்களையும் மனத்தில் வைத்து 1990-ல் அவர் எழுதிய நாடகம் உலகமெல்லாம் மேடையேறியது. 2015-ல் அவரை அடக்கம் செய்ததும் இங்கேதான். தொடர்ந்து வென்ற ஊர் 1962-க்குப் பிறகு முதலிடத்துக்கு வரவில்லை. மறுபடி வந்தது 1995-ல், 33 ஆண்டு கழித்து. முதலில் துடைப்பம் எடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அப்போது தெருவில் இறங்கியிருக்க வேண்டும். ஒரு விருதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிய ஊராக இருந்தால் இது நடந்திருக்காது.

போட்டியின் சூட்சுமம் இங்கேதான். முதல் பரிசு ஒன்றே ஒன்று. எண்ணூறு ஊரும் அதற்காகவே வேலை செய்கின்றன என்றால் எண்ணூற்றில் ஒன்று தவிர எல்லாம் பத்து வருஷத்தில் சலித்து விலகியிருக்கும். விலகவில்லை, கூடிக்கொண்டே போயின. ஏனென்றால் ஊர் போட்டி போடுவது தன் போன வருஷத்து மதிப்பெண்ணோடு. சாலை நுழைவுக்குப் போன ஆண்டைவிட இரண்டு மதிப்பெண் கூடியிருக்கிறதா, கழிவுக்கு ஏன் ஒன்று குறைந்தது, பழைய கிணற்றடியை நடுவர் பார்த்தாரா இல்லையா என்று குழு உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கிறது. பார்க்காமல் விட்டிருந்தால் கோபமும் வரும். ஊர்கள் மக்கள்தொகைப்படி பிரிக்கப்படுவதால் முந்நூறு பேர் ஊர், முப்பதாயிரம் பேர் நகரத்தோடு மோத வேண்டியதில்லை. முதலிடத்தை நெருங்கி வருபவர்களுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலப் பதக்கங்களும் உண்டு.

முதல் முப்பது நாற்பது வருஷம் இந்தப் போட்டி நல்லது மட்டுமே செய்தது என்று சொல்லிவிட முடியாது. எல்லா விளக்குக் கம்பத்திலும் பூக்கூடை தொங்கவிட்டார்கள். ஒரு பருவம் பூத்துச் சாகும் செடிகளை வருஷா வருஷம் நர்சரியில் வாங்கி நட்டார்கள். தேனீக்குத் தேனோ மகரந்தமோ தராத பகட்டுப் பூக்கள்தான் அதில் பாதி. சாலையோரத்துப் புல்லை மொட்டையடித்தார்கள். நடைபாதை இடுக்கில் எட்டிப் பார்த்த செடிக்குக் களைக்கொல்லி அடித்தார்கள். பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சை உரித்துக் கல்லைக் காட்டினால் அழகு என்றொரு மோகம் கிளம்பி, மழைக்குக் கவசமாக இருந்த பூச்சை இழந்து சுவர்கள் ஓதம் காத்தன. டைடி என்றால் அப்போது அதுதான். காரைக்குடிப் பக்கம் நூறு வருஷத்துக்குமுன் மெழுகிய சுண்ணாம்புச் சுவரின்மேல் பளபள பெயின்ட் அடித்துவிட்டு, உப்புப் பூக்கிறதே என்று அங்கலாய்ப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை.

திருப்பம் மெதுவாக வந்தது. 1995-ல் போட்டி சுற்றுலா வாரியத்தின் கையிலிருந்து சுற்றுச்சூழல் துறைக்கு மாறியது. இப்போது ஊரக வளர்ச்சித் துறையிடம் இருக்கிறது. தலைப்புகள் மாறின. பல்லுயிர்ச் சூழலுக்கு ஒரு தலைப்பு, குறைவாகச் செலவழித்து வாழ்வதற்கு ஒரு தலைப்பு. 2015-ல் தீவு முழுவதுக்குமாக மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளுக்கென்று ஒரு திட்டம் வெளியிட்டார்கள். அங்குள்ள சுமார் நூறு வகைத் தேனீக்களில் மூன்றில் ஒரு பங்கு அழியும் நிலையில் இருப்பதாக அதில் இருந்தது. என்ன செய்யலாம்? நிறையச் செடி நடுங்கள் என்று சொல்வார்கள் என்று எதிர்பார்ப்போம். அவர்கள் சொன்னது, புல்லை வெட்டாதீர்கள். ஏப்ரல் நடுவரை கத்தி வைக்காதீர்கள். அதன்பிறகும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

வெட்டாவிட்டால் முதலில் தலைகாட்டுவது டான்டிலியன். நம்மூர் வெட்டுக்காயப் பூண்டுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். காசு அளவு மஞ்சள் பூ, பிறகு ஊதினால் பறக்கும் பஞ்சுத்தலை. தோட்டக்காரருக்குப் பரம எதிரி. ஆனால் குளிர்காலம் முடிந்து பசியோடு வெளியே வரும் தேனீக்கு அந்த நேரத்தில் கிடைக்கிற முதல் பந்தி அதுதான். அதை விட்டுவைப்பது பிடுங்குவதைவிடக் கஷ்டம். பிடுங்கினால் வேலை செய்ததுபோல இருக்கும். விட்டுவைத்தால் சோம்பேறித்தனம்போல இருக்கும். வழியில் போகிறவர் முகம் சுளிப்பார். அதனால்தான், இது பூச்சிகளுக்காக விட்ட இடம் என்று அங்கங்கே சிறு பலகை வைக்கிறார்கள். வேடிக்கைதான், வேலை செய்யாததற்குப் பலகை. ஆனால் நடுவரின் அறிக்கையே இதற்கு ஆதரவாக எழுதத் தொடங்கியபோது, முறைத்துக்கொண்டிருந்தவர்களின் வாய் அடங்கியது. அறிவியலாளர் சொன்னால் கேட்காத காது, மதிப்பெண் சொன்னால் கேட்கிறது.

இந்த மாற்றம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க 2023-ன் வெற்றியாளரைப் பார்க்க வேண்டும். லீஷ் மாவட்டத்தில் உள்ள அபிலீக்ஸ். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பிரபு குடும்பம் திட்டம் போட்டுக் கட்டிய சிற்றூர். அகலமான கடைத்தெரு, இருபுறமும் மரங்கள், பாதி மளிகைக்கடையும் பாதி மதுக்கடையுமாக இன்னும் நடக்கும் ஒரு பழைய கடை. டப்ளினிலிருந்து கார்க் போகும் லாரியெல்லாம் இந்தத் தெருவைக் கிழித்துக்கொண்டுதான் போகும். 2010-ல் புறவழி நெடுஞ்சாலை வந்து தெருவைக் காப்பாற்றியது. இதெல்லாம் அழகுதான். ஆனால் ஊரின் உண்மையான சொத்து தெருவில் இல்லை. தெற்கே நடந்தால் சுமார் 190 ஹெக்டேர் பரப்பில் கிடக்கும் சதுப்பில் இருக்கிறது.

அந்தச் சதுப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பனியுகம் முடிந்து ஏரிகள் தேங்கிய பள்ளங்களில் பாசி முளைத்தது. ஸ்பாக்னம் என்று பெயர். பிழிந்தால் பஞ்சுபோல நீர் கொட்டும். பழைய பாசி அடியில் அமுங்க, புதுப் பாசி மேலே வளர, காற்றுப் புகாத நீருக்குள் எதுவும் முழுதாக மக்காமல் கறுத்த மண்ணாகப் படிந்துகொண்டே வந்தது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் ஏறும். பத்தாயிரம் வருஷத்தில் அது மேடாகிவிட்டது. இந்த மண்ணுக்கு ‘பீட்’ என்று பெயர். அயர்லாந்தில் மரம் குறைவு, நிலக்கரி குறைவு. அதனால் பீட்டைச் செங்கல் அளவில் வெட்டி, காயவைத்து, வரட்டி அடுக்குவதுபோல அடுக்கி எரித்தார்கள். குளிர்கால இரவில் அந்தப் புகையின் வாசம் அவர்களுக்கு ஊர் நினைப்பு. 1946-ல் இதற்கென்றே ‘போர்ட் நா மோனா’ என்ற அரசு நிறுவனம் அமைந்தது. மின்நிலையங்களுக்கும் தோட்டக்கலைக்கும் இயந்திரம் வைத்து அள்ளியது. வெட்டுவதற்குமுன் சதுப்பை வடிக்க வேண்டும். வாய்க்கால் வெட்டினால் நீர் இறங்கும், பாசி சாகும், அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடைபட்டிருந்த கார்பன் காற்றில் கலக்கும்.

அபிலீக்ஸ் சதுப்பிலும் 1980-களில் வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். பிறகு வேலை கிடப்பில் கிடந்தது. 2000-ம் ஆண்டு ஜூலையில் இயந்திரங்கள் மறுபடி வந்தபோது ஊர்க்காரர்கள் மறித்தார்கள். சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிடாமல் கைவைக்கக் கூடாது என்று நின்றார்கள். ஊருக்கு வேலை கொடுக்கும் அரசு நிறுவனத்தை எதிர்த்து, தன் பாட்டனும் எரித்த பீட்டுக்காகவே வழக்காடுவது சின்ன விஷயமில்லை. ஒன்பது வருஷம் கழித்து 2009-ல் அதே நிறுவனம் வந்து, வெட்டிய வாய்க்கால்களை அடைத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி அணைகள், சதுப்பு மண்ணையே அள்ளி வைத்துக் கட்டியவை. 2012-ல் சதுப்பை 50 ஆண்டுக் குத்தகைக்கு ஊர்க் குழுவிடம் ஒப்படைத்தது. இன்று அதன் மேல் மரப்பலகை நடைபாதை ஓடுகிறது. கீழே நீர் நிற்கிறது, பாசி திரும்புகிறது. போர்ட் நா மோனாவே 2021-ல் பீட் எடுப்பதை அடியோடு விட்டுவிட்டதாக அறிவித்தது.

சதுப்பு நிலம் ‘டைடி’யா? 1958-ன் நடுவர் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். செருப்பில் சேறு ஒட்டும்.

இந்த இடத்தில் நமக்கு ஓர் உறவுமுறை வருகிறது. ஐரோப்பாவின் தோட்டக்காரர்கள் தொட்டியில் நிரப்பியது பல பத்தாண்டுகளாக இந்த பீட்டைத்தான். அதை வெட்டக் கூடாது என்ற பேச்சு வலுத்ததும் மாற்றாகப் போனது என்ன? மாடித் தோட்டம் வைத்திருக்கும் யாரும் சொல்லிவிடுவார்கள்: கோகோ பீட். பெயரிலேயே அந்தச் சதுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பக்கத்துத் தேங்காய் மட்டைத் தூள் கட்டியாக அமுக்கப்பட்டு, தூத்துக்குடி, கொச்சி வழியாகக் கப்பலேறுகிறது. அதில் உப்பு அதிகம் என்பதால் ஏற்றுமதிக்குமுன் தண்ணீர்விட்டு அலசுகிறார்கள். அலசிய பழுப்பு நீர் நிலத்தில் இறங்க, பக்கத்துக் கிணறுகள் டீத்தண்ணி நிறமானதாக விவசாயிகள் பல காலமாகப் புகார் சொல்லிவருகிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் இந்தத் தொழிலை மாசில்லாத ‘வெள்ளை’ வகையிலிருந்து ‘ஆரஞ்சு’ வகைக்கு மாற்றியது. ஒரு கண்டம் தன் சதுப்பைக் காப்பாற்றிக்கொள்ளும்போது அதற்கான தண்ணீர்ச் செலவில் ஒரு பங்கு கோவை, திருப்பூர் மாவட்டக் கணக்கில் ஏறுகிறது. எட்டுத் தலைப்பு அறிக்கையில் இதற்கு இடமில்லை. எந்தப் போட்டியின் நடுவரும் ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறார்.

நம் பக்கம் விருதுக்குப் பஞ்சமில்லை. சில வருஷங்களுக்குமுன் டெல்டாப் பக்கம் ஓர் ஊராட்சிக்கு விருதுக் குழு வரும் நாளில் தற்செயலாகப் போய்ச் சேர்ந்தேன். தெருவின் இருபுறமும் ப்ளீச்சிங் பவுடர் கோடு, கல்யாண வீட்டு வாசலில் செம்மண் கரை கட்டியதுபோல. பள்ளிக்கூடத்து வேலியோரம் மூங்கில் கூண்டுகளுக்குள் முந்தின நாள் நட்ட புங்கங்கன்றுகள். ஒன்றில் வேரோடு கட்டியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் பையைக்கூடக் கிழிக்காமல் புதைத்திருந்தார்கள். அதன் ஓரம் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கன்றைவிடப் பெயர்ப் பலகை பெரிது. விடிகாலை நான்கு மணிக்கே வரவழைக்கப்பட்ட தூய்மைக் காவலர் அம்மா ஒருவர் வேப்பமரத்தடியில் அசந்து உட்கார்ந்திருந்தார். குழு வந்தது, தேங்காய்த் தண்ணீர் குடித்தது, போட்டோ எடுத்தது, போனது. என்ன பார்த்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று அந்த அம்மாவுக்கும் தெரியாது, ஊராட்சித் தலைவருக்கும் தெரியாது. விருது வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

நம் விருதுகளின் குறை பணத்தில் இல்லை, இந்த மௌனத்தில் இருக்கிறது. திறந்தவெளியில் மலம் கழிப்பதை ஒழித்த ஊர்களுக்காக 2003-ல் நிர்மல் கிராம் புரஸ்கார் அறிவிக்கப்பட்டது. முதல் விருதுகளை 2005-ல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் கையால் வாங்கிய ஊராட்சிகளில் தமிழ்நாட்டு ஊராட்சிகளும் இருந்தன. பெருமையான நாள்தான். ஆனால் அது ஒருமுறை விருது. வாங்கியபின் யாரும் திரும்ப வந்து பார்க்கப்போவதில்லை. சில ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, விருது வாங்கிய பல ஊர்களில் கழிவறை விறகு அடுக்கும் இடமாகியிருந்தது. இதைவிட நன்றாக யோசித்தது மகாராஷ்டிரம். மண்கலயமும் துடைப்பமுமாக ஊர் ஊராகப் போய்ப் பகலில் தெருப் பெருக்கி இரவில் கீர்த்தனம் சொன்ன காட்கே பாபாவின் பெயரில் 2000-ம் ஆண்டில் அது தொடங்கிய போட்டி, ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஊர்களை மோதவிட்டது. ஆனால் அங்கும் வெற்றி பெற்ற ஊரின் பெயர்தான் பேசப்படுகிறது.

அயர்லாந்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. அங்கே வார இறுதியில் ஒளிரும் சட்டையோடு குப்பை பொறுக்குகிறவர்களில் பெரும்பாலோர் தலை நரைத்தவர்கள். குப்பை போடுகிறவர்கள் வேறு ஆட்கள். அறுவடைக்கு அக்கம்பக்கத்தார் கூடி உழைக்கும் ‘மெஹல்’ என்ற வழக்கம் அவர்களுக்கு உண்டு. ஏறக்குறைய நம் குடிமராமத்துதான். இரண்டுக்கும் ஒரே வியாதி. நாலு பேர் செய்தால் நாற்பது பேர் ‘அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று இருந்துவிடுவார்கள். மனசைத் திருத்துவதைவிட விலையைத் திருத்துவது சில இடங்களில் சுலபம். 2002-ல் பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி போட்டார்கள். பையின் புழக்கம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. 2024 பிப்ரவரியில் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் வைப்புத்தொகை வந்தது. நீலகிரியில் 2022-ல் உயர் நீதிமன்றம் சொல்லி டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் வைத்தபோது காட்டோரத்து பாட்டில்கள் காணாமல்போனதே, அதே கணக்கு. ஊர்க் குழு பொறுக்கத் தேவையில்லாததை அரசு விலை வைத்துத் தடுத்தால்தான், குழுவுக்குச் சதுப்பையும் தேனீயையும் பார்க்க நேரம் மிஞ்சும்.

நாம் கடன் வாங்க வேண்டியது பூக்கூடையையும் அல்ல, பதக்கத்தையும் அல்ல. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் நம்மிடம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நடுவர் அனுப்புவது நடக்காத காரியம். ஒரு மாவட்டத்தில், விரும்பி வரும் ஐம்பது ஊர்களோடு ஆரம்பிக்கலாம். ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர், வேளாண் அலுவலர், கட்டடக்கலை தெரிந்தவர் என்று வெளி மாவட்டத்து ஆட்கள், சொல்லாமல் வர வேண்டும். குளக்கரை, வாய்க்கால், சுடுகாட்டுப் பாதை, பள்ளிக்கூடம், காலனித் தெரு என்று தலைப்புகள் நம்முடையதாக இருக்கட்டும். காலனித் தெருவுக்குத் தனி மதிப்பெண் கட்டாயம். இல்லாவிட்டால் பெரிய தெருவை மட்டும் துடைத்துவிட்டுப் பரிசு கேட்பார்கள். ஆவாரை, தும்பை, எருக்கு நின்ற புறம்போக்கை ஜேசிபி வைத்து வழித்து பேவர் பிளாக் பதித்தால் மதிப்பெண் குறைய வேண்டும். பரிசுத் தொகை சின்னதாக இருந்தாலும் போதும். இரண்டு பக்கத் தமிழில் அறிக்கை மட்டும் ஒவ்வொரு ஊருக்கும் தவறாமல் போக வேண்டும்.

அதை அக்டோபர் 2 கிராம சபையில் மைக்கில் வாசிக்கட்டும். முதல் வருஷம் வாசிக்கும்போது யாரும் கவனிக்கமாட்டார்கள். டீயும் வடையும் எப்போது வரும் என்று பார்ப்பார்கள். இரண்டாம் வருஷம், குளக்கரைக்கு ஐம்பதுக்குப் பதினொன்று என்று ஊராட்சிச் செயலர் வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும்போது, பின்னால் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் எழுந்து, போன வருஷம் எவ்வளவு என்று கேட்பார்.